ஏற்காட்டில் கேன்சர் கம்மி என்கிற கணக்கு

சேலத்தில் கேன்சர் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "மேல மலையில இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் அவ்வளவா வர்றதில்லைங்க. நல்ல காத்து, நல்ல தண்ணி." பதிவேட்டைப் புரட்டினாலும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். நம் நாட்டில் நகரப் பதிவேடுகளில் லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்கிற விகிதம், மகாராஷ்டிராவின் பார்ஷி மாதிரியான கிராமப்புறப் பதிவேடுகளை விட நன்றாகவே கூடுதல். மார்பகப் புற்றில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். கருப்பைவாய்ப் புற்றில் மட்டும் கதை மாறும், அங்கே கிராமத்தின் பங்கு பெரிது.

அந்த விகிதம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் காற்றையும் தண்ணீரையும் மெச்சலாம். புற்றுநோய்ப் பதிவேடு என்பது வீடு வீடாகப் போய் எடுக்கிற கணக்கெடுப்பு கிடையாது. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகள், பயாப்சி (நோயிருக்கும் இடத்துச் சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது) பார்க்கும் லேப்கள், இறப்புப் பதிவு அலுவலகங்கள் என்று போய் கேஸ்களைத் திரட்டுகிறார்கள். சென்னையில் இது 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. தமிழகம் முழுமைக்குமான பதிவேட்டை 2012-ல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கினார்கள். ஏற்காடு மலையில் நாகலூருக்கு உள்ளே ஒரு குக்கிராமத்தில் ஒரு பாட்டி ஆறு மாதம் ரத்தப்போக்கோடு கிடந்து வீட்டிலேயே இறந்து, சான்றிதழில் "வயோதிகம்" என்று எழுதப்பட்டால், அந்தப் பாட்டிக்குக் கேன்சர் வரவே இல்லை. கணக்குப்படி மலை ஆரோக்கியமாகிவிட்டது.

முகவரியிலும் கணக்கு கசியும். ஓர் ஆண்டாவது அந்தப் பகுதியில் குடியிருந்தவரைத்தான் அந்தப் பகுதிக் கேஸாக எழுத வேண்டும் என்பது விதி. சிகிச்சைக்காகச் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டில் வந்து தங்குகிற மலைவாசி, ஓ.பி. சீட்டில் அந்த முகவரியைத்தான் கொடுப்பார். நேரே வேலூருக்கோ பெங்களூருக்கோ கோவைக்கோ போகிறவர்களைத் தேடிப்பிடித்துச் சொந்த ஊர்க் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர்களும் போச்சு. சீட்டு போடுகிற இடத்தில் "எவ்வளவு நாளா அங்க இருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிக் கசிவு அடைபடும்.

அடுத்தது வயது. இளம் வயதினர் அதிகமுள்ள ஊரில் கேஸ் இயல்பாகவே குறையும். அதனால் வயதைச் சமன்செய்த விகிதத்தைத்தான், அதாவது இரண்டு ஊரிலும் வயதுக் கலவை ஒன்றாக இருந்தால் வரும் விகிதத்தைத்தான், ஒப்பிட வேண்டும். வெறும் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துவிட்டு ஒப்பிடக் கூடாது.

எண் சிறியதாக இருப்பது இன்னொரு தொல்லை. 40,000 பேர் உள்ள ஒரு மலை ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் சராசரி ஏறத்தாழ லட்சத்துக்கு 100 புதிய கேஸ். அப்படியென்றால் ஆண்டுக்கு 40 எதிர்பார்க்கலாம். எந்தக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலால் மட்டுமே, அது ஒரு வருடம் 28 ஆகவும் அடுத்த வருடம் 52 ஆகவும் இருக்க முடியும். இதில் ஒரே ஓர் உறுப்பின் கேன்சரை மட்டும் பிரித்தால் மூன்று, நான்கு என்று வந்து நிற்கும். மூன்று ஏழானதும் "இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, சேலத்து மேக்னசைட் சுரங்கம்தான் காரணம்" என்று வாட்ஸ்அப்பில் பறக்கும். குறைந்தது ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பார்க்காமல் மலை எண்ணைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது என் கட்சி.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் கவுன்டி கவுன்டியாக (நம் மாவட்டம் மாதிரி), பெருநகரம் முதல் ஒதுக்குப்புறம் வரை 1 முதல் 9 வரை எண் கொடுத்துப் பிரித்து இதே ஒப்பீட்டைச் செய்கிறார்கள். எல்லாப் புற்றையும் சேர்த்தால் அங்கேயும் கிராமக் கவுன்டிகளில் புதிய கேஸ் விகிதம் சற்றுக் குறைவு, இறப்பு விகிதமோ கூடுதல். நுரையீரல், பெருங்குடல், கருப்பைவாய் மூன்றிலும் கிராமமே முந்தி நிற்கிறது. கேஸ் குறைவு, சாவு அதிகம் என்று ஓர் இடத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த நிலையில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான்.

நிலைக் கணக்கிலும் பொடி வைத்திருக்கிறது. "முற்றிய நிலையில் வந்தவர்கள் இத்தனை சதவீதம்" என்ற எண்ணைத்தான் எல்லோரும் எடுத்து வீசுவார்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: டவுனில் லட்சம் பெண்களுக்கு 40 மார்பகப் புற்று, அதில் பாதி முற்றியது. மலையில் லட்சத்துக்கு 20, அதில் 70 சதவீதம் முற்றியது. சதவீதத்தில் மலை மோசம். ஆனால் லட்சத்துக்கு எத்தனை பேர் முற்றிய நிலையில் வந்தார்கள் என்றால் டவுனில் 20, மலையில் 14. இரண்டும் உண்மைதான். மலையில் கண்டுபிடிக்கும் ஏற்பாடு எவ்வளவு ஓட்டை என்பதைச் சதவீதம் காட்டும். எத்தனை படுக்கை, எத்தனை கீமோ நாற்காலி வேண்டும் என்பதை விகிதம் காட்டும். ஸ்கேன் சென்டர் பெருகினால் சின்னச் சின்னக் கட்டிகள் நிறைய கண்ணில் பட்டு, முற்றிய கேஸ் ஒன்றுகூடக் குறையாமலேயே சதவீதம் மட்டும் அழகாக இறங்கும். அதனால் ஒரு முகாம் திட்டம் வெற்றியா என்று அளக்க விரும்புகிறவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அப்புறம் "நிலை தெரியவில்லை" என்கிற கட்டம். அறிக்கை எழுதுகிறவர்கள் இதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவார்கள். மலையிலிருந்து 20 பேர், அதில் 8 பேருக்கு நிலை பதியவில்லை, மீதி 12-ல் 7 பேர் முற்றிய நிலை என்றால் 58 சதவீதம் என்று அச்சாகும். அந்த 8 பேரும் முற்றியவர்களாக இருந்தால் 75 சதவீதம், ஒருவருமே இல்லையென்றால் 35. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்த அன்று வர முடியாமல் போனவர்தான் பெரும்பாலும் அந்த எட்டில் இருப்பார். ஆகவே உண்மை 75 பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

நாடு முழுவதற்குமான கணக்கே பெருமைப்படும்படி இல்லை. தேசியப் பதிவேட்டின் 2020 அறிக்கைப்படி, நோய் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவிய நிலையில் கண்டறியப்பட்டவை மார்பகப் புற்றில் 57 சதவீதம், கருப்பைவாயில் 60, தலை-கழுத்துப் புற்றில் 66.6.

கருப்பைவாய்ப் புற்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் தடுக்க முடிந்ததைத் தவறவிடுவது இங்கேதான் அதிகம். நாற்பத்தைந்து வயது எஸ்டேட் தொழிலாளி. இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம் படுகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது. "தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். கடையில் ரத்தம் நிற்க மாத்திரை, சோகைக்கு இரும்பு மாத்திரை. காப்பிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூலி போய்விடும் என்று யாரும் கீழே இறங்க மாட்டார்கள். கடைசியில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்து "கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கு, எடுத்துடலாம்" என்கிறார்கள். ஸ்பெகுலம் வைத்துக் கருப்பைவாயைக் கண்ணால் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அதைத்தான் யாரும் செய்திருக்க மாட்டார்கள். உள்ளே புற்று இருக்கும்போது சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அது முறையான சிகிச்சை ஆகாது. சுற்றியுள்ள திசுவும் நிணநீர்க் கணுக்களும் அப்படியே நிற்கும், அதன்பின் செய்ய வேண்டிய சிகிச்சையும் சிக்கலாகும். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் "கர்ப்பவாயைப் பார்த்தீங்களா டாக்டர், டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கண்டுபிடிக்கும் வழியோ மலிவு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள்; சந்தேகப்பட வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். 2007-ல் வெளியான முடிவு: நோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. நம் பக்கத்துக் கிராமங்கள், நம் பெண்கள், நம் நர்ஸம்மாக்கள். அரசுத் திட்டத்திலும் 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

முகாமில் இது சொதப்புவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தோடு 95 மில்லி வடிநீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். போன வாரத்துப் பாட்டிலில் நீர்த்துப்போனதைத் தடவினால் வெள்ளை ஏறாது, எல்லோரும் "நார்மல்" ஆகிவிடுவார்கள். தடவியபின் முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வரிசையில் அறுபது பேர் நின்றால் அந்த நிமிடம் பதினைந்து வினாடியாகச் சுருங்கும். வெளிச்சம் முக்கியம். மலையில் மழை மூட்டத்தில் கரன்ட் போனால் செல்போன் டார்ச்சில் பார்க்கிற வேலை இல்லை இது, நல்ல பேட்டரி விளக்கு வேண்டும். தீட்டு நின்று சில வருடங்களான பெண்களுக்கு நோய் தொடங்குகிற எல்லைக்கோடு கருப்பைவாய்க்குள்ளே ஏறிப்போயிருக்கும், அமிலம் தடவினாலும் தெரியாது. அவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனைதான், அதாவது இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தேடும் பரிசோதனைதான் சரி. அதற்கான மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக்கொடுக்கலாம் என்பது கூச்சப்படுகிற இடங்களில் பெரிய உதவி.

வெள்ளை தெரிந்தவர்களை "சேலம் ஜி.எச்.சுக்குப் போங்க" என்று சீட்டு எழுதி அனுப்புகிற முகாமுக்கு நான் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டேன். இருபது ஊசிமுனை வளைவு இறங்கி, ஒரு நாள் கூலி விட்டு, வலியே இல்லாத ஒன்றுக்காக யார் போவார்கள்? தகுதியான புண்ணை அன்றைக்கே உறையவைத்தோ சுட்டோ அழித்துவிடலாம். குளிர் முறையில் 3 நிமிடம் உறையவைத்து, 5 நிமிடம் இளகவிட்டு, மறுபடி 3 நிமிடம். அதற்கு வாயு சிலிண்டரை மேலே ஏற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் வெப்பக் கருவி கைப்பையில் அடங்கும், ஒரு நிமிடம்கூட எடுக்காது. மலைக்கு அதுதான் லாயக்கு.

புற்று என்றே சந்தேகம் வந்தால் பயாப்சி. "கத்தி பட்டா பரவிடும்" என்கிற பயத்துக்கு ஆதாரம் இல்லை. முறைப்படி ஊசியிலோ சிறு துண்டாகவோ எடுப்பதால் நோய் நிலை ஏறாது. சதையைப் போடுகிற பாட்டிலில்தான் வாரக்கணக்கில் நாள் வீணாகும். சதை ஒரு பங்கு என்றால் பத்து சதவீத ஃபார்மலின் பத்துப் பங்கு இருக்க வேண்டும். வாய் அகலமான பாட்டில், பெயரும் எந்தப் பக்கம் என்பதும் பாட்டிலின் உடம்பில், மூடியில் எழுதக் கூடாது. ஃபார்மலின் இல்லையென்று சலைனில் போட்டு அனுப்பினால் மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்குவதற்குள் அழுகத் தொடங்கும். மார்பகச் சதையென்றால் ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், தவறினால் ஹார்மோன் மருந்து பலிக்குமா என்று சொல்லும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய் சொல்லும். சனிக்கிழமை மதியம் எடுத்துத் திங்கள் விடுமுறை என்று செவ்வாய் அனுப்புகிற பாட்டில்களை நினைத்துப் பாருங்கள். அறிக்கை வந்தபின் ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்குப் போகும் இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மார்பகம் பற்றிச் சுருக்கமாக: வலிக்காத கட்டிதான் காட்டப்பட வேண்டிய கட்டி. இரண்டு செ.மீ.க்குள் பிடித்தால் ஒரு சிகிச்சை, தோலில் புண்ணாகி வந்தால் வேறு சிகிச்சை. வாய்க்கு: இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, நிமிர்த்தி வைத்த மூன்று விரல் நுழையாத வாய். ஹான்ஸ் புகையிலை வைக்கிற ஈறுப் பக்கம் பல் ஆடினால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்தபின் விடுபடுவதும் உண்டு. பக்கத்துத் திசுக்களுக்குப் பரவிய கருப்பைவாய்ப் புற்றுக்குக் கரன்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாள் வீதம் 25 தடவை. அதோடு வாரம் ஒரு கீமோ. பிறகு உள்ளிருந்து வைக்கும் கதிர்வீச்சு. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் பலன் குறையும். மலைமேல் செம்மநத்தத்திலிருந்து தினமும் ஏறி இறங்க முடியாது. ஆகவே முதல் நாளே தங்குமிடம், துணைக்கு யார், காப்பீட்டு அட்டை மூன்றையும் பேசி முடிக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று வாங்கவே ஒரு வாரம் போகும், அதனால் பயாப்சி கொடுத்த அன்றே மனுப் போட்டுவிடுவது நல்லது. சென்னைக்கு அனுப்பினால் ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் நிறுத்துவது மூன்றாவது, நான்காவது வாரத்தில். ரத்தப்போக்கு நின்றிருக்கும், வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கும், "சரியாயிடுச்சு, மீதி எதுக்கு" என்று பஸ் ஏறிவிடுவார்கள். இந்த வாரங்களில் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போனால் ஆளைத் திருப்பி அனுப்ப முடியும். அதற்கு அவருடைய எண் நோயாளியின் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.