தோள்பட்டை வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை

தம்பிக்குக் கிட்னி கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. "லேப்ராஸ்கோபிதானே, சின்னத் துளை போட்டு எடுக்கறதுதானே, மூணு நாள்ல எழுந்து நடந்துடுவீங்க" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நடந்தேன், உண்மைதான். ஆனாலும் அந்த 'தானே' மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வாரம் மூன்று டயாலிசிஸ் என்று பதினான்கு மாதம் ஓட்டியவன் அவன். அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. மிச்சம் நான். என் அணுக்களை அவன் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் க்ராஸ்மேட்ச் சோதனை 'நெகட்டிவ்' என்று வந்த அன்று, நெகட்டிவ் என்றால்தான் நல்லது என்று புரிவதற்குள் அழுதே விட்டேன்.

சோதனைகளுக்கே இரண்டு மாதம் போனது. 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்து, துணிப்பைக்குள் மறைத்து பஸ்ஸில் கொண்டுபோனதெல்லாம் உண்டு. அப்புறம் காகிதங்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவள் நெருங்கிய உறவுதான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். பழைய குடும்ப போட்டோ வரை தேடி எடுத்தோம். நேர்காணலில் என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு முழு விருப்பமா?" என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

காத்திருந்த இடத்தில் ஒரு பெரியவர். 1990களில் மனைவிக்குக் கொடுத்தவராம். சட்டையைத் தூக்கிக் காட்டினார்: முதுகோரத்தில் தொடங்கி வயிறு வரை ஒரு தழும்பு. விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்களாம். துளை வழியாகக் கிட்னி எடுப்பதே 1995இல்தான் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் தொடங்கியது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. துளை வழியாக எடுத்தால் கிட்னிக்கு ஏதாவது ஆகுமா? ரத்தக்குழாயை அடைத்ததிலிருந்து கிட்னியை ஐஸில் வைப்பதற்குள் சில நிமிடம் கூடுதலாகும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு முறையிலும் எடுத்த கிட்னி ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்றார். 1994 முதல் 2009 வரையிலான அமெரிக்கக் கணக்கில் பத்தாயிரம் டோனர்களில் ஏறக்குறைய மூன்று பேர் ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்துக்குள் இறந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம் என்பதற்கும் கையெழுத்து வாங்கினார்கள்.

இடது பக்கம்தான் எடுத்தார்கள். அந்தப் பக்கத்துச் சிரை நீளம், தைக்க வசதி. மேலே சின்னத் துளைகள். கிட்னியை வெளியே எடுத்தது அடிவயிற்றில், என் பழைய சிசேரியன் தழும்பைப் பிரித்து. மகள் வந்த வழி.

கண் விழித்ததும் வயிறு வலிக்கும் என்று தயாராக இருந்தேன். வலித்தது வலது தோள்பட்டை. படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. மாரடைப்போ என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டால், "அது கேஸ்தான், அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு அடைக்கிறார்கள். அதில் மிஞ்சியது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியுமாம். இத்தனை கையெழுத்துக்கு நடுவில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் நடந்து நடந்துதான் குறைந்தது.

மறுநாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைப் பார்த்தேன். கட்டிலோரம் சிறுநீர்ப் பை தொங்கியது. நர்ஸ் மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். பல மாதமாக ஒரு டம்ளர்கூடப் போகாதவனுக்குப் பை நிறைந்து நிறைந்து வந்தது. என்னைப் பார்த்ததும் பையைக் கையால் காட்டினான். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவுதான் கிரியாட்டினின். அவனுக்கு அது 8.9இலிருந்து ஒரே வாரத்தில் 1.3க்கு வந்தது. என்னுடையது 0.7இலிருந்து 1.1க்கு ஏறியது. ஒற்றைக் கிட்னிக்கு அது இயல்புதான். வேடிக்கை என்னவென்றால், அவன் வெட்டு என்னுடையதைவிடப் பெரியது.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. "துளைதானே போட்டாங்க" என்று மாமியார் சிலிண்டரைப் பார்த்தார். நான் தழும்பைக் காட்டவில்லை, போய்ப் படுத்துக்கொண்டேன். உடல் அசதி போக இரண்டு மாதம் ஆனது.

தம்பியின் ஃபைல் இப்போது செங்கல் கனம். என்னுடையது ஒற்றைத் தாள்: வலி மாத்திரையைக் கண்டபடி போடாதீர்கள், வருடம் ஒரு முறை பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பாருங்கள். நினைவூட்டி யாரும் போன் பண்ணப்போவதில்லை. காலண்டரில் நானே வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.