வானியல் ஒலிம்பியாட்டுக்குக் கடற்கரையில் படித்த கதை

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோம். எனக்கு மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்துக் கண் எரிந்தால், அண்ணாவும் நானும் உப்புவெளிக் கடற்கரைக்கு நடப்போம். ஊரே இருட்டு. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும் அத்தனை நட்சத்திரங்களை அதுவரை நான் பார்த்ததில்லை.

மே முதலாம் திகதி விடியற்காலை அம்மம்மா வந்து எழுப்பினார். "எழும்பிப் பார் பிள்ளை, விடிவெள்ளிக்குப் பக்கத்தில இன்னொண்டு நிக்குது." ஓடிப்போய்ப் பார்த்தோம். கிழக்கே கடலுக்கு மேல் வெள்ளியும் வியாழனும் ஒட்டினாற்போல் நின்றன. இரண்டுக்கும் இடையே முழுநிலவின் அகலம்கூட இல்லை. வலப்பக்கம் சற்று உயரத்தில் செவ்வாய், அதற்கும் மேலே சனி. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஆனாலும் விடியும் வரை அந்த மணலை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வானியல் ஒலிம்பியாட் எழுதும் எண்ணம் வந்தது. சர்வதேசப் போட்டி 2007இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தொடங்கியது. கோட்பாடு, தரவுப் பகுப்பாய்வு, நேரடியாக வானம் பார்த்தல் என்று மூன்று பகுதிகளும் அதில் உண்டு. நம் நாட்டிலும் தெரிவுப் பரீட்சை நடக்கிறது. நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஏன் சறுக்கினேன், இரண்டாம் முறை எதை மாற்றினேன் என்பதைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் படித்ததெல்லாம் கருந்துளை, வேற்றுக்கிரக உயிர், பிரபஞ்சத்தின் முடிவு. 2019இல் வெளியான முதல் கருந்துளைப் படம் எம்87 என்ற விண்மீன் பேரடையின் (கலக்ஸியின்) நடுவில் உள்ளது என்பது தெரியும். அது 5 கோடியே 50 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பதும் தெரியும். தாளைத் திறந்தால், இன்ன அகலாங்கில் இருக்கும் ஒருவருக்கு இந்த நட்சத்திரம் அதிகபட்சம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வரிக் கணக்கு. எனக்கு வரவில்லை.

அந்த ஆர்வம் வீண் என்று சொல்லவில்லை. ஆர்வம்தான் நம்மை மேசைக்கு இழுத்து வருகிறது. ஆனால் வியந்து பார்த்த ஒவ்வொன்றிலும் ஒரு கணக்காவது போட்டுப் பாருங்கள். உயர்தரப் பௌதிகவியலில், கோளின் ஈர்ப்பை விட்டுத் தப்பத் தேவையான வேகத்துக்குச் சமன்பாடு படிக்கிறோம். அதில் வேகத்துக்குப் பதிலாக ஒளியின் வேகத்தைப் போட்டு ஆரையைக் கண்டுபிடியுங்கள். பூமி கருந்துளையாக வேண்டுமானால் அதை 9 மில்லிமீற்றர் ஆரைக்குள் அமுக்க வேண்டும், அதாவது ஒரு மாபிள் அளவுக்கு. இதை நானே கொப்பியில் போட்டு விடை வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டாம் முறை வானத்திலிருந்தே தொடங்கினேன். நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை நாமே கவனிப்பதில்லை. கார்த்திகையில் கார்த்திகை விளக்கீடு, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்தரம், சித்திரையில் சித்திரா பௌர்ணமி. அந்தந்த மாதப் பௌர்ணமி நிலவு அந்தந்த நட்சத்திரத்தின் அருகில் வரும். முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், அந்த நட்சத்திரமும் அந்த மாதம் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கோட்டை, அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கோட்டைக், கடக்கும். சித்திரை என்றால் ஸ்பைகா, மகம் என்றால் ரெகுலஸ், திருவாதிரை என்றால் பெட்டல்ஜூஸ். ஸ்பைகா எந்த மாதம் நள்ளிரவில் உச்சிக்கு வரும் என்று கேட்டால் நீங்கள் மனப்பாடம் செய்யவே தேவையில்லை, கலண்டரே சொல்கிறது. நட்சத்திரங்கள் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி உதிக்கும் என்பதையும் இதோடு சேர்த்தால் மற்ற மாதங்களையும் கணக்கிடலாம்.

எனக்குக் கிடைத்த பழைய வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அதனால் கொப்பியில் மூன்று நிரல் போட்டேன்: அம்மம்மா சொல்லும் பெயர், தமிழ்க் கலைச்சொல், ஆங்கிலச் சொல். தமிழ் மொழிமூலம் படிப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், கையால் அளக்கப் பழகுங்கள். கையை முழுதாக நீட்டினால் மூடிய முட்டி சுமார் 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. திருகோணமலையின் அகலாங்கு ஏறத்தாழ வடக்கு 8.6 பாகை. ஆகவே துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்கும் குறைவான உயரத்தில்தான் நிற்கும். கடல் மூட்டத்தில் பல நாள் தெரியாது. தெற்கில் பார்த்தால் கதை வேறு. அகத்திய நட்சத்திரம், அதாவது கனோபஸ், வான நடுக்கோட்டிலிருந்து, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோட்டிலிருந்து, 52.7 பாகை தெற்கே உள்ளது. இதை நடுவரை விலக்கம் என்பார்கள். 90இலிருந்து 8.6ஐயும் 52.7ஐயும் கழித்தால் 28.7. பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டரை மணி தாண்டியதும் தெற்குப் பார்த்து நின்று, அடிவானத்திலிருந்து ஒரு முட்டி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கினேன். மூன்றாவது முட்டியின் மேல்விளிம்பை ஒட்டி அகத்தியர் நின்றார். முதல் தாளில் நான் விட்ட கேள்வி இதுதான். அன்றைக்குப் பிறகு அந்தக் கணக்கு எனக்குப் பிழைக்கவே இல்லை.

பகலிலும் படிக்கலாம். ஏப்ரல் 12ஆம் திகதி அளவில், புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முந்தி, மதியம் 12.06 மணியளவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒரு போத்தலை நிமிர்த்தி வையுங்கள், நிழல் அதன் அடிக்குள் போய்விடும். ஓகஸ்ட் 31 அளவில் மறுபடியும் நடக்கும். சூரியனின் நடுவரை விலக்கம் நம் அகலாங்குக்குச் சமமாகும் நாட்கள் அவை. 12 மணிக்குச் சரியாக ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடினால் நெட்டாங்கும் நியம நேரமும் படித்தாயிற்று.

கால அட்டவணையை நம் மழையைப் பார்த்துப் போடுங்கள். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை வானத்தை மூடிவிடும். கெப்ளர் விதிகள், பிரகாச அளவு, இடமாறு தோற்றம் எல்லாம் அப்போது வீட்டுக்குள். பிரகாச அளவில் 5 வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு, இது கைப்பாடமாக இருக்க வேண்டும். பெப்ரவரி பிறந்ததும் வெளியே இறங்குங்கள். போயா விடுமுறைதானே என்று பௌர்ணமியன்று போகாதீர்கள், நிலவொளியில் மங்கலானவை மறைந்துவிடும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே நல்லவை. டோர்ச்சின் முகத்தில் சிவப்பு டொபித்தாள் ஒட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. ஃபோனில் ஸ்டெல்லாரியம் நல்லதுதான், ஆனால் முதலில் நீங்கள் பெயர் சொல்லுங்கள், பிறகு அதைத் திறந்து சரியா என்று பாருங்கள். இரவில் தனியே போக வேண்டாம், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

இரண்டாம் முறை நான் தெரிவானேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: "அண்டைக்கு நிண்ட மற்றது என்ன வெள்ளி எண்டு கேட்டவையோ?"