கூரை போட்ட மரப்பாலம்: சென்னையிலிருந்து கலிபோர்னியா போகிறவர்களுக்கு

மே மாதம் பிறந்ததும் மீனம்பாக்கத்தில் பெரிய பெட்டிகளோடு பெற்றோர் கூட்டம் தெரியும். பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியா போகிறவர்கள் அதில் நிறையப் பேர். அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: கோல்டன் கேட் பாலம், யோசெமிட்டி, லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், கடைவீதிகள். பட்டியலில் அபூர்வமாகவே இடம்பிடிக்கும் ஒரு பாலம் உண்டு. கலிபோர்னியாவிலேயே இருக்கும் நெவாடா கவுண்டியில் (மாவட்டத்தில்) தெற்கு யூபா ஆற்றின்மேல் 1862-ல் மரத்தால் கட்டிய பிரிட்ஜ்போர்ட் பாலம். மேலே கூரை, இரு பக்கமும் மர ஓடு வேய்ந்த சுவர், கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு, கரையில் உட்கார்ந்து சாப்பிட மேசைகள். ஒரு முழுநாளைக் கொடுக்கலாம். ஆனால் எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்து போகவேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கிவிடுவோம்.

கூரை எதற்கு என்பதில் தொடங்குவோம். மழைக்கு ஒதுங்கவோ பனி விழாமல் இருக்கவோ போட்டதென்று பலரும் நினைக்கிறார்கள். அது மனிதர்களுக்கான கூரை அல்ல, மரத்துக்கான கூரை. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைத் தொடாது. அதற்கு மேல் போய் அங்கேயே நின்றால் உளுக்கத் தொடங்கும். வெட்டவெளியில் நிற்கும் மரப்பாலம் பத்து, இருபது வருடத்தில் முடிந்துவிடும். கூரை போட்டால் நூறு வருடம் தாண்டும். கூரையும் பக்கச் சுவரும் வெயிலையும் மழையையும் தாங்கித் தேய்ந்து போவதற்காகவே இருப்பவை. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி மாற்றலாம். உள்ளே சுமையைத் தாங்கும் மரச்சட்டகத்தை அப்படிச் சுலபமாக மாற்ற முடியாது. ஓட்டு வீட்டில் கூரையை முன்னே நீட்டிவிட்டுத் திண்ணைத் தூண்களைச் சாரல் படாமல் காப்பதும் இதே கணக்குதான்.

பாலத்துக்குள் நுழைந்ததும் இருட்டாக இருக்கும். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு நடுவழியை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள். சாய்வாக நிற்கும் கனமான மரக்கட்டைகளும், அவற்றுக்கு இடையே செங்குத்தாக இறங்கும் இரும்புக் கம்பிகளும் தெரியும். வில்லியம் ஹோவ் 1840-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. மரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையையும் தாங்கும், ஆனால் இழுவையில் இருக்கும் இரண்டு கட்டைகளை மூட்டுப்போட்டு இணைப்பது கடினம். மூட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் அமுங்கும் வேலையைச் சாய்வுக் கட்டைக்கும், இழுபடும் வேலையைக் கம்பிக்கும் ஹோவ் பிரித்துக் கொடுத்தார். கம்பியின் முனையில் மரையும் நட்டும் உண்டு. மரம் காயக் காயச் சுருங்கும், சட்டகம் தளரும். அப்போது நட்டை முடுக்கினால் மறுபடி இறுகிவிடும். ஒரு பாலத்தை ஸ்பானரால் சரிசெய்ய முடியும் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

அடுத்து வளைவைத் தேடுங்கள். சட்டகத்தோடு சேர்த்து, மரங்களை அடுக்கடுக்காக வைத்து போல்ட் போட்ட பெரிய வில் ஒன்று பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். தியோடர் பர் என்பவர் பெயரால் வழங்கும் வளைவு இது. வெளியே ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் பக்கச் சுவரின் ஓடுகளும் அதே வில்லின் கோட்டில் வளைந்து போவது தெரியும். உள்ளே இருக்கும் எலும்பை வெளியிலேயே காட்டும் இப்படியொரு சுவர் எனக்குத் தெரிந்து இந்தப் பாலத்தின் தனி அழகு.

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மாலை மெரினா பக்கம் போய் நேப்பியர் பாலத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனால் இது இன்னும் நன்றாகப் புரியும். நேப்பியரில் சாலைக்கு மேலே எழும் கான்கிரீட் வில் இருக்கிறது. சாலைத்தளம் அந்த வில்லிலிருந்து தொங்குகிறது. வில் தன் இரு முனைகளையும் வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும், சாலைத்தளம் நாண்போல அந்த முனைகளைக் கட்டி நிறுத்தும். பர் வளைவு வேறுமாதிரி. அது தள்ளும் விசையைக் கரையில் இருக்கும் கல்கட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால் பிரிட்ஜ்போர்ட்டில் கல்கட்டையும் ஒருமுறை பாருங்கள். மரம் நிற்பது அந்தக் கல்லின் தயவில்.

பாலத்தின் மொத்த நீளம் சுமார் 230 அடி. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது, ஒரே கண். தூணில்லாமல் ஒரே கண்ணில் ஆற்றைத் தாண்டும் பழைய கூரைப்பாலங்களில் இன்று எஞ்சியிருக்கும் மிக நீளமானவற்றில் ஒன்று இது. நியூயார்க் மாநிலத்தில் இதற்குப் போட்டியாக இருந்த பழைய பிளென்ஹைம் பாலத்தை 2011-ல் ஐரீன் புயலின் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுக்குள் தூண் வைக்காததற்கும் காரணம் வெள்ளம்தான். 1862 தொடக்கத்தில் வந்த பெருவெள்ளம் இங்கிருந்த முந்தைய பாலத்தைக் கொண்டுபோனது. டேவிட் வுட் என்ற மர ஆலைக்காரர் அதே வருடம் இதைக் கட்டினார். பக்கத்து மாநிலமான நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குச் சரக்கு வண்டிகள் போன சுங்கச் சாலை இது. சுங்கம் வசூலாக வேண்டுமென்றால் பாலம் நின்றாகவேண்டும்.

1972-ல் வாகனங்களை நிறுத்தினார்கள். 2011-ல் மரம் வலுவிழந்துவிட்டதென்று நடப்பவர்களுக்கும் மூடினார்கள். பெரிய சீரமைப்புக்குப் பின் 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். இப்படிப்பட்ட பாலங்கள் பொதுவாக எங்கே கெடும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் உள்ளே நடக்கும்போது கண் தானாக அங்கே போகும். நடுப்பகுதி சீக்கிரம் கெடாது, முனைகள்தான் கெடும். வாசல் வழியாகச் சாரல் உள்ளே வரும், வண்டிச் சக்கரம் மண்ணைக் கொண்டுவந்து போடும், அந்த மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அடி உத்தரத்தின் முனையிலேயே கிடக்கும். கூரையில் ஒரு ஓடு போய் அதன் கீழே ஒரு மூட்டு நனைந்துகொண்டே இருந்தாலும் அதே கதி. ஆரோக்கியமான மரப்பாலம் நடுவில் மயிரிழை மேலே எழும்பியிருக்கும். நடுவில் தொய்ந்திருந்தால் ஏதோ தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இனி போகும் வழி. ஃப்ரீமாண்ட், சான் ஹோசே பக்கத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆபர்ன் வரை 80-ம் சாலை, அங்கிருந்து கிராஸ் வேலி வரை 49, பிறகு மேற்கே 20-ல் பென் வேலி. அங்கே பிளஸண்ட் வேலி சாலையில் வடக்கே திரும்பினால் சுமார் 8 மைல். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து இறங்கும். காரில் தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். பெட்ரோல், குடிதண்ணீர் எல்லாம் பென் வேலியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலை நம்பவேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் சனி, ஞாயிறு கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பும், காலை 9 மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். வந்து இறங்கிய முதல் வாரத்தில் இந்தப் பயணம் வேண்டாம். சென்னைக்கும் அங்கேயும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், மதியம் நம் உடம்புக்கு நடுராத்திரி.

அமெரிக்கா என்றால் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டரோடு போய் இறங்காதீர்கள். இந்த மலையடிவாரத்தில் ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி செல்சியஸ் சாதாரணம், அதற்கு மேலும் போகும். நம் ஊர் வெயிலில் வியர்வை உடம்பிலேயே நிற்கும். அங்கே காற்று வறண்டது, வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். அதனால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையோடு இருக்கட்டும். காலுக்கு ஷூ. புது ஷூவாக இருந்தால் சென்னையிலேயே சில வாரம் போட்டுப் பழகுங்கள். ஹவாய் செருப்பு கருங்கல் பாறையில் வழுக்கும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நமக்கு ஆறு பெருகுவதென்றால் மழை பெய்யவேண்டும். யூபாவில் வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில்கூட ஆறு புரண்டு ஓடும். மேலே சியரா மலையில் உருகும் பனி அது. தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பெசன்ட் நகர்க் கடலின் வெதுவெதுப்பில் நீந்திப் பழகியவர் அதில் திடீரென இறங்கினால் முதல் நொடியில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நிறுத்த முடியாது. அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரருக்கும் ஆபத்து. கொஞ்ச நேரத்தில் கை கால் சொன்னபடி கேட்காது. இழுவையோ பாறைகளுக்கு இடையே கொண்டுபோய்ச் செருகும். ஏப்ரல், மே, ஜூனில் போனால் கரையோடு நின்றுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் தண்ணீரோரம் விளையாடினால் லைஃப் ஜாக்கெட் போட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். புடவையோடோ வேட்டியோடோ ஆற்றில் இறங்கவே வேண்டாம். நனைந்த துணி காலைச் சுற்றும்.

ஆகஸ்டில் ஓட்டம் தணியும். அந்தக் கணக்கில் ஆடிப்பெருக்கு இங்கே போக மிகப் பொருத்தமான நாள். காவிரி பெருகும் நேரத்தில் யூபா இறங்கியிருக்கும். கலந்த சாதங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல கரை அந்தப் பக்கம் கிடைப்பது அரிது. கும்பிடுவதை மனதாரக் கும்பிடுங்கள். ஆனால் பூ, மஞ்சள், காதோலை கருகமணி எதையும் தண்ணீரில் விடக்கூடாது, விளக்கும் ஏற்றக்கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே எரியும். கரி அடுப்பு எண்ணமும் வேண்டாம், வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள்.

புளியோதரைக்குச் சாதத்தை உதிரியாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் பிசறுங்கள். சூட்டோடு பிசைந்தால் வழியிலேயே கூழாகிவிடும். தயிர் சாதத்தைத் தயிரில் பிசைந்து எடுத்துப் போனால் மதியத்துக்குள் புளிக்கும். ஒரு கப் அரிசியை மூன்றரை கப் தண்ணீரில் குழைய வைத்து மசித்து, விரல் பொறுக்கும் சூட்டில் ஒன்றரை கப் பால் விட்டு, இரண்டு டீஸ்பூன் தயிர் மட்டும் கலந்து மூடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குத் தயிராகியிருக்கும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் திரிந்துவிடும். கொழுப்பு நீக்காத பாலாக இருக்கட்டும், மற்றது நீர்த்துப்போகும். ஊறுகாயைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், வெறுங்காலோடு நடக்கும் மணலில் உடைந்தால் கஷ்டம். இனிப்பையும் ஜூஸையும் மூடி வையுங்கள். கோடைக் கடைசியில் மஞ்சள் குளவிகள் தேடி வரும். இலை, தட்டு, டிஷ்யூ எல்லாம் ஒரு பையில் கட்டி உங்களோடு திரும்பட்டும்.

நடைபாதை ஓரத்தில் மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக வளரும் செடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஓக். நம் சேராங்கொட்டையின் குடும்பம்தான், அதே வகை எண்ணெய், அதே வகைக் கொப்புளம். பட்டுவிட்டது என்று தெரிந்தால் உடனே சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவி, போட்டிருந்த துணியையும் தனியாகத் துவைக்கவேண்டும். பாறை இடுக்கில் கை விடாதீர்கள், கிலுகிலுப்பைப் பாம்பு அங்கே உண்டு. மார்ச், ஏப்ரலில் போக வாய்ப்பவர்கள் வடக்குக் கரையில் பட்டர்மில்க் பெண்ட் பாதையில் நடங்கள். பாப்பியும் லூபினும் சரிவு முழுக்கப் பூத்திருக்கும். போகும்போது ஒரு மைலுக்குச் சற்று மேல், திரும்பவும் அதே தூரம்.

மூன்று மணி நேரக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சாண்டா குரூஸ் மலையில் ஃபெல்டன் கூரைப்பாலம் இருக்கிறது. சான் ஹோசேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். 1892-ல் ரெட்வுட் மரத்தில் கட்டியது, 80 அடிதான் நீளம், ஆனால் 34 அடி உயரம். பக்கத்திலேயே புல்வெளி, குழந்தைகள் விளையாடுமிடம், முழங்கால் வலிக்காத சமதளம். யோசெமிட்டிக்கு 120-ம் சாலையில் போகிறவர்களுக்கு ஓக்டேலைத் தாண்டியதும் நைட்ஸ் ஃபெர்ரி வரும். ஸ்டானிஸ்லாஸ் ஆற்றின்மேல் 330 அடி ஹோவ் பாலம், இதற்கு நடுவில் தூண்கள் உண்டு. உள்ளே நடக்க அனுமதி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத நாளிலும் கரையோர மேசையில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரிக்கலாம். யோசெமிட்டி நுழைவாயிலில் கார் வரிசையில் நிற்கும்போது பசி தெரியாது.