12 யூனிட், 321 ரூபாய்

2024 கத்திரி வெயில் முடிந்து வந்த கரண்ட் பில்தான் இந்த வம்புக்கெல்லாம் ஆரம்பம். 512 யூனிட், 2046 ரூபாய். அன்றைய கட்டணத்தில் 500-ஓடு நின்றிருந்தால் 1725தான். மிச்சம் 12 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 96 ரூபாய் கூடினால் நியாயம். ஆனால் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான 2.25 ரூபாய் சலுகையும் போய், அதுவும் அப்போது 4.50 ஆகிவிடும். ஆக 12 யூனிட்டுக்கு 321 ரூபாய்.

“என்னங்க, தினமும் காலையில வாசல் மீட்டரைப் பார்த்து காலண்டர்ல எழுதினா ஆச்சு” என்றாள் வீட்டம்மா. எனக்கு அது போதவில்லை. எது எவ்வளவு இழுக்கிறது என்று போனிலேயே காட்டும் கருவி வேண்டும் என்று கிளம்பினேன்.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு கடை. சத்துவாச்சாரி வீடு, த்ரீ பேஸ் லைன் என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டில் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு கிளாம்ப், அதாவது வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் வளையம். மூன்று பேஸுக்கும் மூன்று வேண்டும், இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வீட்டைத்தான் அது பார்க்கும். மறுநாள் உச்சி வெயிலில் பஸ் ஏறிப் போனால், “பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே சார்” என்று கையை விரித்துவிட்டார். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, மேலே பணம் கட்டி மாற்றினேன். வாங்குகிறவர்கள் கடையிலேயே பிரித்து எண்ணிப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் சீலைத் தொடாமல் டிபி பாக்ஸுக்குள் (வீட்டு ஸ்விட்சுகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) மாட்டினார். ஒரு பேஸ் மட்டும் பூஜ்யம் காட்டியது. கருவி கோளாறு என்றார். உண்மையில் அந்தக் கிளாம்புக்குள் பேஸ் வயரோடு அதன் நியூட்ரலையும் (கரண்ட் திரும்புகிற வயர்) சேர்த்து விட்டிருக்கிறார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டால் அது எதைக் காட்டும்? மெயினை அணைத்துவிட்டுத் திறந்து, பேஸ் வயரை மட்டும் விட்டதும் சரியாகிவிட்டது. வைஃபையில் ஒரு மாலை போனது, கருவிக்குத் தேவையான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ரவுட்டரில் தனிப்பெயரில் பிரித்து வைத்ததும் பிடித்துக்கொண்டது.

அடுத்த கூத்து ஸ்மார்ட் ப்ளக், போன் ஆப்பிலிருந்தே இயக்குகிற ப்ளக். கெய்சருக்கு 16 ஆம்பியர் ப்ளக்தான் போட வேண்டும், 10 ஆம்பியர் சூடேறி உருகிவிடலாம் என்று தெரிந்திருந்ததால் அங்கே தப்பித்தேன். மாட்டிக்கொண்டது பிரிட்ஜில். ஆடிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போக இரண்டு நாள் திருவண்ணாமலையில் தங்கினோம். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் அரை மணியில் வந்துவிட்டதாம். ப்ளக் மட்டும் வரவில்லை. கரண்ட் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆப்பில் ஒரு அமைப்பு இருக்கிறது. என்னுடையது ‘அணைந்தே இரு’ என்று இருந்திருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த வாடையை எழுத விருப்பமில்லை. இரண்டு லிட்டர் பால், ஒரு குண்டான் தோசை மாவு, பக்கத்து வீட்டு அக்கா வைக்கச் சொன்ன மல்லிகைச் சரம், எல்லாம் போச்சு. பிரிட்ஜுக்கு ப்ளக் மாட்டினால் அதைப் ‘பழைய நிலை’ என்று மாற்றிவிட்டுத்தான் வெளியூர் கிளம்ப வேண்டும். நான் இப்போது அதைக் கழற்றியே வைத்துவிட்டேன்.

இவ்வளவு பாட்டு வாங்கியும் கருவியை விடாமல் வைத்திருந்ததற்கு ஒரு பலன் உண்டு. ஒருநாள் தூக்கம் வராமல் இரவு 2 மணிக்கு ஆப்பைப் பார்த்தேன். பிரிட்ஜ் தவிர எல்லாம் அணைந்த வீட்டில் கோடு தரையை ஒட்டியே கிடக்க வேண்டும். இதுவோ கால் மணிக்கு ஒருமுறை எழும்பி, இரண்டு நிமிடம் நின்று, விழுந்தது. மாடியேறிக் காதை வைத்தால், குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே ஓடும் பிரஷர் பம்ப்! யாரும் குழாயைத் திறக்காமலே ஓடுகிறது. கீழே பின்பக்கக் கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் வாஷர் தேய்ந்து தண்ணீர் சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. பம்ப் அரை குதிரைத்திறன். கணக்குப் போட்டால் நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் கிட்ட. ஏசியைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோம். வாஷர் மாற்ற 10 நிமிடம் ஆனது.

அக்டோபர் பில் 431 யூனிட். ஆப் 419 என்றது. காலண்டரில் வீட்டம்மா கையெழுத்தில் 431 என்று இருந்தது.