ஓட்டு கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியது

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். எந்த வார்டாக இருந்தாலும், கவுன்சிலராக நிற்பவர் முதலில் பேச வேண்டியது குடிநீரைப் பற்றித்தான். மேட்டூர்த் தண்ணீர் தொட்டிக்கு ஏறிவிடுகிறது; கடைசித் தெருவுக்குத்தான் வந்து சேர்வதில்லை. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஒரே வால்வு என்றால் பள்ளத்தில் இருப்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். வால்வைப் பிரித்துத் தனித்தனி நேரம் ஒதுக்க வேண்டும். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவதையும் நிறுத்தியாக வேண்டும். அந்த உறிஞ்சலில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது இப்படியும்தான்.

கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்ப்பது சுலபம். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடோலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் அன்றைக்கே புகார் கொடுங்கள்.

அடுத்தது சாக்கடை. ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வார வேண்டும். அள்ளிய சகதியைக் கரையிலேயே விட்டால் ஒரே மழையில் திரும்ப உள்ளே போய்விடும். லாரியும் சேர்த்துக் கேளுங்கள். சிறுபாலத்துக்கு அடியில் அடைப்பு இருந்தால், மற்ற இடமெல்லாம் வாரியும் பயனில்லை. சேர்வராயன் மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதியும் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றில் இறங்குகிறது.

தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியும் கேளுங்கள். ஆனால் "எல்லாம் செய்வேன்" என்பவரிடம், மதிப்பீடும் டெண்டரும் முடிந்து வேலை எந்த மாதம் தொடங்கும் என்று கேட்காமல் விடாதீர்கள்.