எவ்வளவு ஸ்பீடுண்ணே?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் சனிக்கிழமை சாயங்காலம் எந்தக் கவுண்டரில் நின்றாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். கிராபிக்ஸ் கார்டுக்காக நாள் கணக்கில் யூடியூப் பார்த்து, கலர் கலராக எரியும் ஃபேனுக்காக வீட்டில் சண்டை போட்டு, எல்லாம் வாங்கி முடித்த பையன் பர்ஸை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பான்: "அண்ணே, மிச்சம் இருக்கிற காசுக்கு ஒரு டிபி எஸ்எஸ்டி ஏதாவது குடுங்க."

ஃபேன் செத்தால் வேறு ஃபேன். ஃபைல் எல்லாம் குடியிருக்கும் எஸ்எஸ்டி செத்தால் அக்கா கல்யாண ஆல்பமும் கூடவே போகும். ஆனாலும் பட்ஜெட்டில் கடைசி வரிசை அதற்குத்தான்.

கடைக்காரர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்ததும் அடுத்த கேள்வி, "எவ்வளவு ஸ்பீடுண்ணே?" ஒன்றில் நொடிக்கு 7,450 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

"தம்பி, மதர்போர்டு என்ன?"

"பி450ண்ணே."

பி450 போர்டில் எஸ்எஸ்டியைச் சொருகும் எம்.2 ஸ்லாட் ஜென் 3, அதாவது பழைய தலைமுறை. அதில் எதைச் சொருகினாலும் நொடிக்குச் சுமார் 3,500 எம்பியோடு நின்றுவிடும். விண்டோஸ் ஏறும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க ஸ்டாப்வாட்ச் வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி டிஎல்சியா, கியூஎல்சியா என்பது. இரண்டும் உள்ளே இருக்கும் சிப்பின் வகை: டேட்டா தங்கும் குட்டி அறையான ஒரு செல்லுக்கு டிஎல்சியில் 3 பிட், கியூஎல்சியில் 4. நெருக்கி அடைப்பதால் விலை குறையும், ஆயுளும் குறையும். பெரிய கேமைக் காப்பி பண்ணினால் முதலில் பறக்கும். வேகமாக எழுத ஒதுக்கிய கேஷ் நிறைந்ததும் சில கியூஎல்சி டிரைவ்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்கிவிடும். அடுத்தது, எந்த டேட்டா எங்கே என்ற குறிப்பை வைக்க டிரைவிலேயே டி-ரேம் மெமரி உண்டா என்பது. வழக்கமாக 1 டிபிக்கு 1 ஜிபி வைப்பார்கள். இல்லாதவை கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கி ஓட்டும். வீட்டு உபயோகத்துக்கு அதுவும் போதும்.

மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்று கம்பெனி சொல்லும் டிபிடபிள்யூ எண்ணைச் சொன்னால் பையன் முகம் வாடும். சாம்சங் 990 ப்ரோ 1 டிபிக்கு 600, க்ரூஷியல் பி3 1 டிபிக்கு 220. "அப்போ சீக்கிரம் செத்துடுமா?" தினம் 30 ஜிபி எழுதினாலும் 220 தீர 20 வருஷம் ஆகும். அதற்குள் இவனுக்கே கல்யாணமாகி, அந்த ஆல்பமும் சேர்ந்திருக்கும்.

வீட்டுக் கணினியில் எஸ்எஸ்டி தேய்ந்து சாவது அபூர்வம். திடீரென்று அதை நடத்தும் கண்ட்ரோலர் சிப்போ, உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளோ காலை வாரும். ஹார்ட் டிஸ்க் மாதிரி கரகரவென்று முன்னறிவிப்பும் கொடுக்காது. 2019இல் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ கம்பெனி தன் சில சர்வர் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும், டேட்டாவும் திரும்ப வராது. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி. ஜோசியர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு என்பதால், மணியை எண்ணும் இடம் நிரம்பி வழிந்திருக்கும் என்ற சங்கதி புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பார்த்ததுமே விளங்கும். விலை கூடியதும் விதிவிலக்கல்ல. 990 ப்ரோவில் மிச்ச ஆயுளைக் காட்டும் ஹெல்த் சதவீதம் மளமளவென்று இறங்க, 2023 பிப்ரவரியில் ஃபர்ம்வேர் விட்டுத்தான் நிறுத்தினார்கள். எதை வாங்கினாலும் முதல் நாளே ஃபர்ம்வேர் அப்டேட் பார்த்துவிடுங்கள்.

பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. க்ரூஷியல் பி2 டிஎல்சியோடு வந்தது. 2021இல் அதே பெயரில் உள்ளே கியூஎல்சி. ரிவ்யூ படித்தால் தேதியையும் பாருங்கள். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் 16 டிபி எக்ஸ்டர்னலைத் திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு உட்கார்ந்திருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் முழுக்க எழுதிப் படித்தால் குட்டு வெளிப்படும்.

மாட்டும்போது வேறு கூத்து. ஹீட்சிங்க்குக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே ஒட்டிவிட்டு "சூடாகுதுண்ணே" என்பார்கள். எம்.2 வடிவில் வந்தாலும் பழைய சாட்டா முறையில் பேசும் டிரைவை, புதிய என்விஎம்இ முறையை மட்டும் எடுக்கும் ஸ்லாட்டில் போட்டால், கணினியின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸில் தலைகாட்டாது. சில போர்டுகளில் எம்.2வில் டிரைவ் போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்று பதறாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். எந்தப் போர்ட் என்பது மேனுவலில் இருக்கும்.

டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஓடிய மணிநேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 4,000 காட்டினால் அதே பில்லோடு கடைக்குப் போகலாம். 931 ஜிபிதான் காட்டுகிறது என்று போகாதீர்கள். கம்பெனிக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024, 1024ஆக வகுக்கிறது.

"அப்போ மிச்சம் 69 ஜிபி யாருகிட்டண்ணே இருக்கு?"