போட்டிக்குப் போகிற பிள்ளை

போட்டி அறிவிப்பு வந்தால் எல்லாப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் நடப்பது ஒன்றுதான். தலைமையாசிரியர் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "யாரை அனுப்பலாம்?" என்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். போன மாதம் சொன்ன அதே பெயர். பேச்சு என்றாலும் கட்டுரை என்றாலும் வினாடி வினா என்றாலும் அந்தப் பிள்ளைதான். ஒவ்வொரு பள்ளிக்கும் இப்படி இரண்டு மூன்று போட்டிப் பிள்ளைகள் உண்டு. மற்ற பிள்ளைகளுக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டுகிற வேலை.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடா ஓரத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மாணவிகள் வெளியே போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும். எங்கள் பள்ளியில் பெண் ஆசிரியர்களே குறைவு. ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் பரமக்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். ஆகவே பேச்சுக்கும் நான்தான், கோலத்துக்கும் நான்தான், கபடிக்கும் நான்தான். கபடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்ல வேண்டும் என்பது மட்டுமே.

போட்டிக் காலம் என்று ஒன்று இருக்கிறது. ஜூலை 27 கலாம் நினைவு நாளில் ஆரம்பிக்கும். செப்டம்பரில் அண்ணாவும் பெரியாரும் இரண்டு நாள் இடைவெளியில் பிறந்திருக்கிறார்கள். அக்டோபர் 2 காந்தி, 15 கலாம் பிறந்த நாள், நவம்பர் 14 நேரு, டிசம்பர் 11 பாரதி. இதற்கு நடுவில் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகள், குழந்தைகள் அறிவியல் மாநாடு, சாலைப் பாதுகாப்பு ஓவியம், மின் சிக்கன வாசகம் எழுதுதல். 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழாவும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். மாநில அளவில் வெல்கிற பிள்ளைகளுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமும் உண்டு. எல்லாம் சேர்ந்து விழுவது எப்போது? கச்சான் காற்று அடங்கி வாடை பிடிக்கிற, மழை இறங்குகிற மாதங்களில். போட்டி அன்று மழை விடுமுறை விட்டு, தேதியை மாற்றி, மாற்றிய தேதியும் மழையில் போன கதையெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது.

ஒரு பிள்ளையை ராமநாதபுரத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போக, பயிலும் சான்று, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட புகைப்படம், கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் எண்ணான ஈமிஸ் எண், பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் வேண்டும். முதல் மூன்றும் பள்ளிக்குள் முடிகிற வேலை. நாலாவதுக்குக் கடல் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். எந்த வீட்டு அப்பா என்றைக்குக் கரையில் இருப்பார் என்பது எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. அவர் இல்லாத நாளில் அம்மா கையெழுத்துப் போடத் தயங்குவார். "அவுக வரட்டும் டீச்சர்" என்பார். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற வீடுகளும் உண்டு. அந்தப் படிவத்தில் தந்தையின் கைபேசி எண் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே என் எண்ணை எழுதிவிடுவேன்.

பஸ் இன்னொரு தலைவலி. மாணவர் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும்தான் செல்லும். டவுன் பஸ் கிடைத்தால் எனக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லை, பையன்களுக்கு மட்டும் சீட்டு. டவுன் பஸ்ஸை நம்பினால் போட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம், ஆகவே ராமேஸ்வரத்திலிருந்து வருகிற புறநகர்ப் பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். காசு யார் கொடுப்பது என்பது ஆசிரியர் அறையில் யாரும் சத்தமாகப் பேசாத விஷயம்.

சரி, போட்டிப் பிள்ளைக்கு வருகிறேன். எங்களுக்கும் ஒருத்தி இருந்தாள். ஆறாம் வகுப்பில் ஆத்திசூடி ஒப்பித்துத் தொடங்கியவள், ஒன்பதாம் வகுப்பு வருவதற்குள் முழுப் பேச்சாளர் ஆகிவிட்டாள். குரல் அப்படி ஒரு கணீர். கையை எங்கே தூக்க வேண்டும், எந்த வரியில் நிறுத்தி நடுவரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கடைசியில் அவளுக்குப் புதுப் பேச்சே தேவைப்படவில்லை. ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை, நடுவில் மட்டும் தலைவரை மாற்றிக்கொள்வாள். காந்திக்கு எழுதிய "இருள் சூழ்ந்த வேளையில் எழுந்த ஞாயிறு" நேருவுக்கும் எழுந்தது, அண்ணாவுக்கும் எழுந்தது. வீட்டுக்குப் போனால் அலமாரி நிறைய எவர்சில்வர் தட்டும் டிபன் பாக்ஸும். பெரிய தாம்பாளத்தில் அவள் அம்மா கருவாடு காய வைத்திருப்பார். அந்தத் தாம்பாளத்துக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது என்பது என் கட்சி.

கலாம் பிறந்த மாவட்டம் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் பேப்பர் போட்ட சிறுவனில்தான் ஆரம்பிப்பார்கள். நடுவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், இன்னொரு பேப்பர் பையன் வந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று. அவர் ராமேஸ்வரத்தை விட்டு வந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, வீட்டை விட்டுத் தங்கிப் படித்த பிள்ளையின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று பேசலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு மார்க் வருமா டீச்சர்?" என்று கேட்டாள் எங்கள் போட்டிப் பிள்ளை. வராது என்றுதான் எனக்கும் தோன்றியது.

கலைத் திருவிழாவில் ஒரு பிள்ளை இத்தனை போட்டிக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஆசிரியர் அறையில் அதற்கு முணுமுணுப்பு. எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஒரே பெயரை எல்லாக் கட்டத்திலும் எழுத முடியாது என்றதும்தான் வகுப்பில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். நாட்டுப்புறப் பாட்டுக்கு யார் என்று தேடியபோது எட்டாம் வகுப்பில் ஒருவன் அகப்பட்டான். கரைவலை இழுக்கிற குடும்பம், சனி ஞாயிறில் அவனும் கயிறு பிடிப்பவன். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாடுவான். எழுதி வைத்த பாட்டு இல்லை, தாத்தா பாடக் கேட்டுப் பாடுவது.

வட்டாரப் போட்டியில் அவன் மேடை ஏறியபோதுதான் அம்பாவுக்கும் போட்டிக்கும் உள்ள பிணக்கு எனக்குப் புரிந்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடியபடி கயிற்றை இழுப்பதுதான் அம்பா. தனிநபர் போட்டியில் வாங்கிப் பாட ஆள் ஏது? இவன் ஒரு வரி பாடிவிட்டு, வழக்கப்படி நிறுத்திக் காத்திருந்தான். கீழே உட்கார்ந்திருந்த எங்கள் பையன்கள் இரண்டு பேர் பொறுக்க மாட்டாமல் "ஏலேலோ" என்று வாங்கிவிட்டார்கள். அரங்கம் சிரித்தது, நடுவர் எச்சரித்தார். அதோடு போனதா? வலை கரையேறுகிற வரைக்கும் பாடுவதுதான் அவன் அறிந்த முடிவு. மணி அடித்தாயிற்று. இவன் நிறுத்தவில்லை. மேடையில் வலை ஏது, கரையேற? ஒருங்கிணைப்பாளர் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றான். பரிசு இல்லை. கண்டாங்கிச் சேலையும் தலையில் கூடையுமாக வந்து மீனவர் பாட்டு பாடிய வேறொரு பள்ளிப் பெண்ணுக்கு முதலிடம். நன்றாகத்தான் பாடினாள், குறை சொல்ல மாட்டேன். கூடை மட்டும் காய்கறிக் கூடை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் அழுவான் என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். அவன் கேட்டது, "நாடகத்துக்குப் பேரு குடுக்கலாமா டீச்சர்? அதுல நாலஞ்சு பேரு போகலாம்ல?"

குழந்தைகள் அறிவியல் மாநாடு மட்டும் எனக்கு எப்போதும் தனி. 1993 முதல் நடக்கிறது, தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் எடுத்து நடத்துகிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து பார்த்து, அறிக்கை எழுதிக்கொண்டு போய்ப் பேச வேண்டும். மனப்பாடம் இங்கே செல்லாது, நடுவர் குறுக்கே கேள்வி கேட்பார். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் எடுத்தது ஊற்றுத் தண்ணீர். கடற்கரை மணலில் கையகலக் குழி தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் கோதிக் குடத்தில் ஊற்றுவது எங்கள் ஊர்ப் பெண்களின் விடிகாலை வேலை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் எப்படி என்பது கேள்வி.

அறிவியல் ஆசிரியர் எனக்கும் சேர்த்தே விளக்கினார். கடல் நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியே திருப்பிப் பார்த்தால், மோட்டார் வைத்து உறிஞ்சி மேலே ஓர் அடி குறைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் 40 அடி மேலேறி வரும். பிள்ளைகள் தண்ணீர் சுத்திகரிப்புக் கடையில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி, ஊற்றிலும் பக்கத்து மோட்டார்க் கிணற்றிலும் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதினார்கள். மோட்டார் ஓடிய நாளில் மாலை எண் எகிறியிருந்தது.

மாவட்ட மாநாட்டில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நடுவர். விளையாட்டாகத்தான் கேட்டார், "அதென்ன சிரட்டை? சின்ன டம்ளர் போதாதா?"

"டம்ளரோட அடி தட்டை சார். மணலைக் கிளறிடும், தண்ணி கலங்கும். சிரட்டை உருண்டை. மேல் தண்ணிய மட்டும் வழிச்சு எடுக்கலாம்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல சார். கலங்குனா எங்கம்மா அடிக்கும்."

பேராசிரியர் குனிந்து எழுதிக்கொண்டார். அந்தக் குழு மாவட்டத்தோடு நின்றது. அறிக்கை எழுதிய விதம் போதாது என்றார்கள், அது நியாயம்தான். அந்த இரண்டு பேரும் அதற்கு முன் எந்தப் போட்டிக்கும் போனவர்கள் இல்லை. போட்டிப் பிள்ளையை அனுப்பியிருந்தால் நிச்சயம் இன்னும் சுத்தமாகப் பேசியிருப்பாள். ஊற்றில் தண்ணீர் கோதியது இல்லை அவள், வீட்டில் குழாய் இருந்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, இனி பேச்சுப் போட்டிக்கும் புதுப் பிள்ளைகளை அனுப்பலாம் என்று ஒரு வருடம் நானே முன்மொழிந்தேன். தமிழ் வளர்ச்சித் துறை நடத்துகிற பேச்சுப் போட்டி ஒன்றுக்கு வேறொரு பெண்ணின் பெயரைக் கொடுத்தேன். மறுநாள் போட்டிப் பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். நண்டுக் கம்பெனியில் நண்டு உடைக்கப் போகிறவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "அவ போனா ஜெயிச்சிருவான்னு உங்களுக்கே தெரியும்ல டீச்சர்? அந்த அஞ்சாயிரம் எங்களுக்கு லேசான காசா?"

முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குச் சிறப்புப் பரிசாகத் தலா 2,000. மேடை ஏறுவதே ஒரு பரிசு, அனுபவம்தான் பெரிசு என்றெல்லாம் நாங்கள் பேசுவோம். நண்டு உடைத்து விரல் புண்ணான ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலை மாற்றினோம், அவள் போனாள், ஜெயித்தாள். பணம் பத்தாம் வகுப்பு டியூஷனுக்குப் போனது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். காசு வருகிற போட்டிக்கும், மாநில அளவு வரை ஏறுகிற போட்டிக்கும் யார் திறமைசாலியோ அவர். சான்றிதழோடு முடிகிற போட்டிக்கெல்லாம் இதுவரை பஸ் ஏறாத பிள்ளை. உடற்கல்வி ஆசிரியர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். "என் கிட்ட அந்தப் பிரச்சினையே இல்ல டீச்சர், யாரு முதல்ல வர்றானோ அவன் ஓடுவான். வாட்சு பொய் சொல்லாது." பேச்சுக்கு வாட்ச் இல்லையே. கணித ஆசிரியருக்கோ என் முறையே பிடிக்கவில்லை. சான்றிதழ் போட்டியில் தோற்கிற பிள்ளை அதோடு ஒதுங்கிக்கொள்ளும், அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்கிறார். அப்படி ஒதுங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை.

அம்பா பாடிய பையன் இந்த வருடம் நாடகத்தில் இருக்கிறான். ஒப்புதல் கடிதத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா மணலில் உட்கார்ந்து வலையில் பீத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எத்தனை மணிக்குத் திரும்புவீக டீச்சர்?"

"மூணு மணி பஸ்ஸப் புடிச்சிருவோம்."

"நாலு மணிக்குக் கயிறு புடிக்கணும். இவன் இல்லாட்டி ஒரு ஆளு குறையும்" என்றவர், பேனாவுக்குக் கையை நீட்டினார். மூணு மணி பஸ் மூணு மணிக்கு வந்ததே இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.